ஒன்பது முறை மறைந்த முகம்

ஏப்ரல் 27

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். நீ நலமாக இருப்பதாக உன் மனைவி போனில் சொன்னாள் என்று மாடி வீட்டு நர்ஸ் வந்து என்னிடம் சொன்னாள். இப்படி வாய் மாறி வரும் நலத்தை நான் கணக்கில் வைப்பதில்லை. போனில் நீ பேசுவது எனக்குக் காதில் விழுவதில்லை. நேரில் வருகிறவர்களும் நோய்க்குப் பயந்து முகக்கவசத்தால் வாயை மறைத்துக்கொண்டு வருவதால், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வழியும் அடைபட்டுவிட்டது. ஆகவே எழுது. தபால்காரர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார்.

கேட்க வந்த விஷயம் இதுதான். என் கடைசி செமஸ்டர் தேர்வு நடக்குமா, நடக்காதா? நீ பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் அதிகாரி என்பதற்காகக் கேட்கவில்லை. அறிவிப்பில் கொடுத்திருக்கும் எண்ணை நர்ஸ் நான்கு நாள் சுழற்றிப் பார்த்தும் யாரும் எடுக்கவில்லை. அதனால் கேட்கிறேன்.

கல்யாணம் என்று சொல்லி இரண்டாம் வருடத்தில் என்னைக் கல்லூரியிலிருந்து எழுப்பிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு முப்பது வருடம் தையல் டீச்சர். ஆசிரியர் அறையில் பட்டம் வாங்கியவர்களுக்கு ஜன்னலோர மேசை. எனக்கும் டிரில் மாஸ்டருக்கும் கதவோர மேசை. அங்கே எனக்கு 'ஊசி டீச்சர்' என்று பெயர். உன் அப்பா போன பிறகு, எழுபதை நெருங்கும்போது, அஞ்சல்வழியில் வரலாறு படிக்கச் சேர்ந்தேன். ஐந்து செமஸ்டர் முடித்துவிட்டேன். மிச்சம் நான்கு தாள்.

நர்ஸும் இதே படிப்புதான். ஆனால் கட்டிலில் சாய்ந்துகொண்டு படிக்கிறாள். எங்கள் கான்வென்ட்டில், சிஸ்டர் உள்ளே வந்தால் நாற்காலி தரையில் உரசாமல் எழுந்து நிற்பதற்கே எங்களை மூன்று மாதம் பழக்கினார்கள் என்று அவளிடம் சொன்னேன். "அப்போ பாடம் எப்பம்மா நடத்தினாங்க?" என்று கேட்கிறாள்.

பதிலை எதிர்பார்க்கும்,
அம்மா


மே 19

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். இதை நானே என் கையால் எழுதுகிறேன், நம்பலாம்.

தேர்வு நடக்காது. தேர்வுக் கூடங்களில் பாதி இப்போது நோயாளிகளுக்கான படுக்கை அறைகள். வினாத்தாள் கட்டுகள் சீல் உடைக்காமல் என் அறை பீரோவில் இருக்கின்றன. கடைசி செமஸ்டரில் மட்டும் நாற்பதாயிரம் பேர். பட்டம் கைக்கு வராவிட்டால் வேலையும் மேற்படிப்பும் பறிபோகும். ஒரு பெண் எழுதியிருந்தாள்: "அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து படிக்கிறேன் சார். தேதியை மட்டும் சொல்லுங்கள்." அந்தக் கடிதத்தை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

ஆறு பேர் எட்டு நாள் உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டோம். முந்தைய ஐந்து செமஸ்டரின் சராசரியையே ஆறாவதற்கும் மதிப்பெண்ணாகப் போட்டுப் பட்டம் கொடுப்பது. அது வேண்டாம் என்பவர்கள் ஆகஸ்டில் வீட்டிலிருந்தே, கணினிக் கேமராவின் முன்னால் உட்கார்ந்து எழுதலாம். ஆனால் எழுத ஒப்புக்கொண்டுவிட்டால் சராசரியைத் திரும்பக் கேட்க முடியாது.

உங்கள் சராசரி எழுபத்தொன்று. (பதிவேட்டைப் பார்க்கவில்லை. போன வருடம் நீங்களே எழுதியிருந்தீர்கள்.) முதல் வகுப்பு. ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா. உங்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்


ஜூன் 8

அன்புள்ள மகனுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து மோசமாகியிருக்கிறது, ஆனால் உன்னுடையதுதான்.

ஒருத்தி ஐந்து சட்டை ஒழுங்காகத் தைத்தாள் என்பதற்காக ஆறாவதைத் தைக்காமலே தைத்ததாக எழுதிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? ஒரு பெண் ஐந்து வாரம் நேராகத் தைத்துவிட்டு ஆறாவது வாரம் கைப்பட்டியில் கோணலாக விட்டதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிரித்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேனே தவிர, பழைய தையலுக்காக மன்னித்ததில்லை. நான் எழுதத்தான் போகிறேன்.

இதை நர்ஸிடம் சொல்லும்போது 'இலவச மார்க்' என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். அவள் சராசரிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. சாதாரணமாக வாயாடுகிறவள். அன்று படியிலிருந்து இறங்கி என் எதிரே வந்து நின்றாள். பிறகு, "மூணு மாசமா அந்தக் கவச உடுப்பைப் போட்டுக்கிட்டு வார்டுல நிக்கிறேன்மா. தண்ணி குடிக்கக்கூடக் கழட்ட முடியாது. அதுக்கு யாரும் மார்க் போடல. இதையாவது போடட்டுமே" என்றாள். எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சத்தமாகச் சொன்னாள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவளுக்குப் போடுங்கள். வாசல் படியில் படிக்கிற பெண்ணுக்கும் போடுங்கள். நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். எனக்கு ஒரு சாக்கும் இல்லை.

உறுதியுடன்,
அம்மா


ஆகஸ்ட் 21

அன்புள்ள மகனுக்கு,

நான்கு தாளும் எழுதி முடித்தேன். இதைப் படித்ததும் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்.

நர்ஸ் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் நான்கு புத்தகங்களை அடுக்கி அதன் மேல் வைத்தாள். புத்தகங்கள் தேர்வு மேசையில் இருக்கக்கூடாது என்று நான் எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் என் பழைய ஊசிப் பெட்டியை வைத்தோம். "நேரா பார்த்து உக்காருங்க, நகராதீங்க" என்றாள். "நான் என்ன பாஸ்போர்ட் படத்துக்கா உக்காந்திருக்கேன்?" என்றேன். "அதைவிட மோசம்மா. அதுல ஒரு தடவை 'கிளிக்' பண்ணா முடிஞ்சுது. இது மூணு மணி நேரம் கிளிக் பண்ணிக்கிட்டே இருக்கும்." ஹால் டிக்கெட்டை மேசையில் வைத்து, ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்திவிட்டுப் போனாள். எழுதியதை அப்புறம் வந்து படம் பிடித்து அனுப்பிக் கொடுத்தாள்.

முதல் மூன்று தாளிலும் திரையில் எழுத்தாகத்தான் அறிவிப்பு வந்தது. கடைசித் தாளில் கண்காணிக்கும் பேராசிரியை தாமே திரையில் வந்து வந்து போனார். நரைத்த தலை, கண்ணாடி, நெற்றியில் கண்டிப்பு. அந்த முகத்தைக் கண்ட பிறகுதான் தேர்வு எழுதுகிற மாதிரி இருந்தது. கடைசிக் கேள்விக்கு மட்டும் நேரம் போதவில்லை. மற்றபடி எழுதியதில் எதையும் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை.

நிம்மதியுடன்,
அம்மா


செப்டம்பர் 24

மகனுக்கு,

உன் பல்கலைக்கழகத்திலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. நான்காம் தாளின்போது என் முகம் ஒன்பது முறை கேமராவிலிருந்து மறைந்ததாம். முறைகேடு என்று கணினி சந்தேகப்படுகிறதாம். முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். குற்றம் உறுதியானால் நான்கு தாளும் ரத்து. இரண்டு வருடம் தேர்வு எழுத முடியாது. என் வயதில் இரண்டு வருடம் என்றால் என்ன என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு அந்த மேசையை விட்டு ஓர் அடி நகரவில்லை நான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நான் எதையும் பார்த்து எழுதவில்லை. வேறு விளக்கம் இல்லை" என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டேன். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "இது விளக்கமாம்மா? சண்டைக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு" என்றாள். செய்யாததற்கு என்ன விளக்கம் எழுதுவது?

இப்போது உனக்கு ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளியிலேயே நீ பதினொன்றாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு எழுதியபோது, காய்ச்சலில் விழுந்த ஒரு டீச்சருக்குப் பதிலாக என்னை உங்கள் அறையைக் கண்காணிக்க அனுப்பினார்கள். உன் பேனா மூடிக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. எடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உனக்கு ஒரு வருடம் போயிற்று. இத்தனை காலமாக நாம் இருவரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. மகன் என்பதற்காக அன்று நான் விரலை அசைக்கவில்லை. அம்மா என்பதற்காக இன்று நீயும் அசைக்காதே.

அம்மா


அக்டோபர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

விரலை அசைக்கவில்லை. உங்கள் விஷயம் விசாரணைக் குழுவுக்கு வந்த அன்றே, இவர் என் தாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டேன். ஆனால் தேர்வரோ அவர் குடும்பத்தினரோ விண்ணப்பித்தால் கேமராப் பதிவைப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. மகன் என்ற முறையில் விண்ணப்பித்தேன். என் கீழே வேலை செய்யும் கிளார்க்தான் எனக்கு நேரம் ஒதுக்கினார். "சார், பதிவு வெச்சிருக்கற பீரோ சாவியே உங்ககிட்டதான் இருக்கு. எதுக்கு மனு?" என்றார். "எங்க அம்மாவை உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

மூன்று மணி நேரமும் பார்த்தேன், ஒரு நிமிடம்கூட ஓட்டிவிடாமல்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் பேனாவைக் கீழே வைக்கிறீர்கள். முகம் மேலே போய் மறைகிறது. திரையில் உங்கள் சேலையும், கோத்த கைகளும் மட்டும். நாற்காலிச் சத்தமே இல்லை. சில விநாடி. பிறகு உட்கார்ந்து எழுதுகிறீர்கள். இரண்டாவது முறையும் அப்படியே. அப்போதுதான் சந்தேகம் வந்து, கண்காணிப்பாளர் திரையில் தோன்றிய நேரங்களின் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் ஒன்பது முறை வந்திருக்கிறார். ஒன்பது முறையும் நீங்கள் எழுந்து நின்றிருக்கிறீர்கள் அம்மா. வகுப்புக்குள் சிஸ்டர் வந்த மாதிரி.

முப்பது சின்னக் கட்டங்களில் முப்பது பேரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பேராசிரியைக்கு இது தெரியவில்லை. கணினிக்கு மரியாதை தெரியாது. உங்களுக்கோ எழுந்தது நினைவிலேயே இல்லை. அதனால்தான் விளக்கத்திலும் எழுதவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்து, "என்ன சார்?" என்றார் கிளார்க். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

இரண்டு நேரப் பட்டியலையும் ஒட்டி, மகன் என்று கையெழுத்திட்டுக் குழுவிடம் கொடுத்தேன். கூடவே, இது உங்களுக்காக இல்லை, என் பதவியின் பெயரில் இன்னொன்றும் கேட்டேன். கணினி சந்தேகப்பட்ட மற்ற இருநூற்றுப் பதினான்கு பேரின் பதிவையும் ஒரு மனிதர் முழுதாகப் பார்க்காமல் யாரையும் குற்றவாளி என்று சொல்லக்கூடாது என்று. ஒப்புக்கொண்டார்கள். ஒருத்தி பாலுக்கு அழுத குழந்தையிடம் போயிருக்கிறாள். ஒருவர் சிக்னல் தேடி மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார். நிஜமாகவே பார்த்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்கிறோம்.

அந்தச் சீட்டைப் பற்றி நீங்களே ஆரம்பித்ததால் எழுதுகிறேன். அதில் இரண்டு கணக்குச் சூத்திரங்கள் இருந்தன. இரண்டுமே எனக்கு மனப்பாடம். இருந்தும் எழுதி வைத்தேன். தப்புதான். ஒரு வருடம் போனதில் எனக்கு வழக்கில்லை. நீங்கள் கொடுத்ததிலும் வழக்கில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கூடத்தில் காத்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் நேராகப் போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்தீர்கள். இரவுச் சாப்பாடு வரை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் மகன்


அக்டோபர் 30

என் அன்பு மகனுக்கு,

முடிவு வந்துவிட்டது. நான்கு தாளிலும் சேர்த்து அறுபத்தேழு சதவீதம். நீ சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னதைவிட நான்கு குறைவு. எனக்கு வருத்தமில்லை. கடைசிக் கேள்வியை அரைகுறையாக விட்டது நான்தானே. நர்ஸுக்குச் சராசரியில் எழுபத்துநான்கு. "ஊசி டீச்சரை ஊசி போடறவ ஜெயிச்சிட்டா" என்று படியிறங்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறாள். அவளுடைய மார்க்கை நான் இலவசம் என்று சொன்னது தப்பு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "என்னது? சரியா காதுல விழல" என்று இரண்டு தடவை சொல்லவைத்தாள்.

எழுந்து நின்றேன் என்று நீ எழுதியதை முதலில் நான் நம்பவில்லை. அப்புறம் நர்ஸ் சொன்னாள், உன் கடிதத்தைக் கையில் வாங்கி உட்கார்ந்து பிரித்த நான், "மூன்று மணி நேரமும் பார்த்தேன்" என்ற வரியில் விரல் இருந்தபோது எழுந்து நின்றுவிட்டேன் என்று. மீதியை நின்றுகொண்டே படித்திருக்கிறேன். "யாரும் வரலியே, யாருக்கும்மா எழுந்தீங்க?" என்றாள்.

நீ எனக்காக மூன்று மணி நேரம் பார்த்தாய். அந்தச் சீட்டு உள்ளங்கையளவு காகிதம். பிரித்துப் பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. பிரிக்காததை இத்தனை வருடம் நேர்மை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிரித்திருந்தால் உன் கையெழுத்தைப் பார்த்திருப்பேன். பார்த்தால் கை தளர்ந்துவிடும் என்ற பயம்தான். அன்று மெஷினில் துணியே வைக்கவில்லை. நூலும் கோக்கவில்லை. வெறுமனே மிதித்துக்கொண்டிருந்தேன். நீ கூடத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். அப்போது எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன என்கிறார்கள். ஒரு நாள் வா. போனில் சொல்லாதே, கேட்காது. கடிதத்திலும் எழுதாதே. கூடத்தில் எதிரே உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வோம். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, நான் உதட்டைப் பார்க்கும்படி மெதுவாகச் சொல்.

ஏன்டா அப்படிச் செய்தாய்?

காத்திருக்கும்,
அம்மா