வெளியே ஊதிய ஃபேன்

ஸ்வீட்டி அப்பாவுக்கு,

சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நானும் பிள்ளையும் உல்லாஸ்நகரில் அம்மா வீட்டில் இருப்போம்.

பங்கார் கடையில், அந்தப் பழைய இரும்புச் சாமான் கடையில், வாங்கி வந்து நம் பழைய காரில் நீங்களே மாட்டிய ரேடியேட்டர் ஃபேனைக் காலையில் ஓடவிட்டு, வண்டியின் முன்பக்கம் இந்தத் தாளைப் பிடித்தேன். காற்றை உள்ளே இழுத்திருந்தால் தாள் ரேடியேட்டரில் ஒட்டியிருக்கும்; ஆனால் பறந்து விழுந்தது. வயரை மாற்றிக் கொடுத்து, தலைகீழாகச் சுற்றவிட்டிருக்கிறீர்கள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டி வந்த வண்டி மாஹிமில் கொதித்து நின்றது. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்க இருந்த புதுநன்மைப் பூசை நாங்கள் போய்ச் சேருமுன் முடிந்துபோனது. கோயில் வாசலில், என் அம்மா முன்னால், “ஹீட் மீட்டர் பாக்கத் தெரியாதவளுக்கு ஸ்டியரிங் ஒரு கேடா?” என்றீர்கள்.

வயரை மாற்ற ஐந்து நிமிடம் போதும். பிறகு வந்து, அதே அம்மா முன்னால் சொல்லுங்கள், தப்பு யாருடையது என்று.

சுனிதா

பி.கு.: புதுநன்மைக்குத் தைத்த வெள்ளை கவுன் பீரோவில் இருக்கிறது. அடுத்த வருஷம் அவளுக்கு அது பத்தாது.