ரெண்டாள் தேருக்கு வெள்ளோட்டம்

பெப். 3, செவ்வாய்

மைனஸ் 19. ஸ்னோ நாலடி. (அளந்து பார்த்தன், ஒரு அடி. ஆனாலும் திறமான அடி.)

குப்பை எடுக்கிற நாள். லொறி வர முதல் நான் படை எடுத்துப்போய் மூன்று தெருவைக் கைப்பற்றினன். கொண்டுவந்த செல்வங்கள்:
- முறிஞ்ச ஹொக்கி மட்டை 2
- குழந்தைக் கட்டிலின்ரை ஒரு பக்கச் சட்டம்
- எலெக்சன் பிளாஸ்ரிக் போர்ட் 1. வேட்பாளர் சிரிச்சபடி. தோத்த மனிசன்.

ஸ்னோவிலை சறுக்கிற வண்டி ஒண்டு செய்யப்போறன். கடையிலை விக்கிற தட்டு மாதிரி இல்லை. தேர்.

இண்டைக்கு என்னோடை கதைச்ச ஆக்கள்: மேல்வீட்டு வீட்டுக்கார அன்ரி. "கதவைச் சாத்துங்கோ அண்ணை, குளிர் வருது." மொத்தம் ஒராள்.

பெப். 4, புதன்

மைனஸ் 15. பேஸ்மென்ற் முழுக்க மரத்தூள். சாப்பாடு பாணும் நேற்றையான் பருப்பும்.

மட்டை ரெண்டும் அடியிலை, சறுக்கிறதுக்கு. கட்டில் சட்டம் அதுக்கு மேலை. அதுக்கும் மேலை வேட்பாளர், அவரிலைதான் குந்துறது. ஒராளுக்கு மூன்றடி காணும். அளக்கேக்கை கை தானாப் போய் அஞ்சடியிலை நிண்டிட்டுது. கையிலை பிழை.

தம்பி ஈசன் பிக்கரிங்கிலை. கார் ஓட்டப் பழக்கிற மாஸ்ரர், கார்க் கூரையிலை மஞ்சள் போர்ட். கனடா வந்த முதல் வின்ரர் ரெண்டு பேரும் குப்பை வாளி மூடியிலை குந்தி இங்கை கிட்டடியிலை இருக்கிற பார்க் மேட்டிலை சறுக்கினனாங்கள். என்ரை முன்பல் ஒண்டு இப்பவும் அங்கைதான் கிடக்கு.

பதினாலு மாசமா என்னோடை கதை இல்லை. காரணத்தை எழுதுறன், ஆர் வாசிக்கப்போகினம். அவன்ரை மகள் துஷியின்ரை கலியாணம். மைக் என்ரை கைக்கு வந்திட்டுது. "உலகப் புகழ் மாஸ்ரர் ஈசன் றோட் ரெஸ்ற்றிலை இருபத்திமூன்று தரம் ஃபெயில்" எண்டு விட்டன். மண்டபம் சிரிச்சுது. சம்பந்தி மேசையும் சிரிச்சுது. ஈசன் சிரிக்கேல்லை.

உண்மையிலை நாலு தரம். அந்த நாலையும் எனக்கு மட்டும்தான் சொன்னவன்.

பெப். 5, வியாழன்

ஆணி 31, அதிலை நேராப் போனது 9. பெருவிரல் கத்தரிக்காய் நிறம்.

அன்ரி படியிலை நிண்டு எட்டிப் பார்த்தா. கீழை கப்பலோ கட்டுறியள் எண்டு கேட்டா. கப்பல் இல்லை, தேர் எண்டன். வடம் எங்கை எண்டா. உடுப்புக் காயப்போடுற கயிறு எண்டு காட்டினன். அப்ப கேட்டா: "அது சரி அண்ணை, ஆர் இழுக்கிறது?"

பின்னேரம் வரை அதுதான் தலைக்குள்ளை.

அஜக்ஸிலை இருக்கிற துஷிக்குப் போன். ஞாயிறு பத்து மணி, பார்க் மேடு, வெள்ளோட்டம், கொப்பரிட்டைச் சொல்லு எண்டன். "பெரியப்பா, ஐ கான்ற் போர்ஸ் ஹிம். சொல்லிப் பாக்கிறன்."

பெப். 7, சனி

மைனஸ் 8. திங்கள் பிளஸ் 6, மழை எண்டு ரேடியோ. மேடு முழுக்கச் சேறாகும். நாளைக்கு விட்டால் இல்லை.

மட்டைக்கு அடியிலை தேங்காயெண்ணெய் பூசினன். வெளியிலை வைக்க வெள்ளையாக் கட்டிபட்டு மெழுகாப் போச்சு. இந்தக் கண்டுபிடிப்புக்கு எனக்குச் சிலை வைக்கவேணும். சொல்லத்தான் ஆள் இல்லை.

துஷியின்ரை மெசேஜ்: சொல்லிட்டாளாம். அப்பா ஒண்டும் சொல்லேல்லையாம், எழும்பிப்போய்க் காரைக் கழுவினவராம். மைனஸ் எட்டிலை ஆர் கார் கழுவுறது?

ஈசனுக்கு நானே எழுதிப் பார்த்தன்.
"ஆயிரம் கோடி மன்னிப்பு." அழிச்சன்.
"உன்ரை காலடித் தூசு எழுதுவது." அழிச்சன்.
"நாலு தரம்தான் எண்டு எனக்குத் தெரியும்." ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்தன். அனுப்பேல்லை.

பெப். 8, ஞாயிறு

வெயில். மைனஸ் 5. தேரைத் தனிய இழுத்துக்கொண்டு போனன், இருபது நிமிச நடை. பஸ்ஸுக்கு நிண்ட சனம் எல்லாம் பார்த்துது, ராசா போறமாதிரி.

9.50 மேட்டு உச்சியிலை. சுத்திவரக் குடும்பங்கள்.
10.00 இல்லை.
10.30 இல்லை.
11.00 கால்விரல் பத்தும் ராஜினாமா.

11.10 முன்னுக்குக் குந்தினன். பின்னுக்கு ரெண்டடி வெறுமை. கையாலை உந்தினன். வேகம் மணிக்கு நூற்றைம்பது மைல். (பொய். ஆனால் வேகம்.) பாதியிலை பாரம் எல்லாம் முன்னுக்கு எண்டு விளங்கிச்சுது. மூக்குக் குத்தி, பிரண்டு, பத்தைக்குள்ளை நான். வேட்பாளர் ரெண்டாக் கிழிஞ்சார், அப்பவும் சிரிச்சபடி.

எழும்பேல்லை. எழும்பத் தேவையும் தெரியேல்லை. வானம் நல்ல நீலம்.

சப்பாத்துச் சத்தம். தலையைத் திருப்ப, கார் நிப்பாட்டுற இடத்திலை, கூரையிலை மஞ்சள் போர்ட். எவ்வளவு நேரமா நிண்டதோ, கண்ணாடி எல்லாம் உள்ளுக்கு மூச்சுப் பட்டுப் புகார் மூடியிருந்துது.

ஈசன் என்னைப் பார்க்கேல்லை. குனிஞ்சு தேரின்ரை அடியைப் பார்த்தான், எண்ணெயை விரலாலை சுரண்டினான், மணந்து பார்த்தான்.

"ஃபெயில்" எண்டான்.

"நாலு தரம்தான்" எண்டன். "எனக்குத் தெரியும், ஈசன். நாலுதான்."

தேரை நிமிர்த்தினான். பிறகு கயிற்றைத் தோளிலை போட்டுக்கொண்டு மேட்டிலை ஏறத் தொடங்கினான். பாதியிலை நிண்டு திரும்பினான்.

"எழும்புங்கோ அண்ணை. உங்களுக்கு இன்னும் இருபத்திரண்டு தரம் கிடக்கு."