என் பையில் இருந்தது உங்கள் கொழுந்து

எப்போதும் எனக்கு முந்தின தேயிலை நிரையில் நடக்கும் ராணி அக்காவுக்கு,

நெஞ்சுவலி என்று நீங்கள் படுத்து, எழுந்திருக்காமலே போய் ஏழு மாதமாகிறது. என் மகன் நடக்கத் தொடங்கிவிட்டான். அவனைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலை ஏறும்போது, விழுந்திருப்பானோ, எதையாவது வாயில் போட்டிருப்பானோ என்று இன்னமும் மனசு அடித்துக்கொள்கிறது. நீங்கள் இருந்தால் சிரிப்பீர்கள்.

பி.காம். படித்த கை, பிள்ளை பெற்ற உடம்பு. ஆனாலும் சீக்கிரமே பறிக்கப் பழகிவிட்டதாகப் பெருமையடித்துக்கொண்டேன். நடுவில் பையை நிரையில் வைத்துவிட்டுப் பால் கொடுக்க இறங்கிப்போய் வந்தும் என் பை எடையில் குறைந்ததே இல்லை. உங்கள் காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே குறைந்தது. கூடப் பறிக்கும் செல்வி அக்காதான் மெதுவாகச் சொன்னார்.

"நீ எறங்கினதும் ராணி அவ கொழுந்த அள்ளி ஒன் பையில போட்டுருவா. பச்சப்புள்ளக்காரிக்கு இங்க எல்லாரும் செய்யிறதுதான்."

எடை குறைகிறதென்று மேஸ்திரி உங்களை ஏசியபோது நானும் சேர்ந்து சிரித்தேனே அக்கா. ஏன் சொல்லவில்லை?

போன வாரம் ஒரு தப்புச் செய்தேன். ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் சுமித்ரா கைக்குழந்தைக்காரி. அவள் பால் கொடுக்க இறங்கியதும், உங்களைப் போலச் செய்ய ஆசை. என் பையில் கை வைக்கத்தான் மனம் வரவில்லை. எனக்குக் குறைந்துவிட்டால்? நிரை ஓரத்தில் கைக்கு வந்த முத்தல் இலையை உருவி அவள் பைக்குள் திணித்தேன்.

எடை போடும் இடத்தில் மேஸ்திரி அந்தப் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். முத்தலைக் கண்டதும், நாளைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னார். பாதிதான் புரிந்தது அவளுக்கு, அழுதாள். நானும் டெம்பரவரிதான். வேலை போனால் பிள்ளைக்கு என்ன செய்வேன்? கடைசியில் மேஸ்திரி முன்னால் போய் நின்றேன்.

"அது நான் போட்டதுங்க. அவ மேல தப்பில்ல."

"படிச்ச புள்ளைக்குக் கொழுந்து எது, குப்ப எதுன்னு தெரியலையாக்கும்" என்றார் அவர். அதற்குள் செல்வி அக்கா கீழே உட்கார்ந்து முத்தலைப் பொறுக்க ஆரம்பித்தார். பிறகு நான், பிறகு எல்லோரும். மீந்ததை மேஸ்திரி எடை போட்டார். இருவருக்கும் வேலை போகாமல் தப்பியது. சுமித்ரா மட்டும் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீங்கள் எனக்குக் கொடுத்தது உங்களுக்கு மிஞ்சியதை அல்ல, உங்கள் கூலியையே என்பது பொறுக்கும்போதுதான் உறைத்தது. இனி அவள் இறங்கும்போது என் பையிலிருந்து இளங்கொழுந்துதான் போகும். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டே கொடுப்பேன் அக்கா.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
சுகந்தி