தலையில்லாத மடவைகள்

ஜனவரி 9, வெள்ளி

மழை விடவில்லை. துவைத்த துணி மூன்றாவது நாளாக வீட்டுக்குள் தொங்குகிறது.

என் வீட்டுக்காரன் போவெனுடைய சிஸ்டத்தின் மேலிருந்த பச்சைப் பொட்டலத்தை மாற்றினேன். பழையதன் தேதி இந்த மாதத்தோடு முடிகிறது. ‘சமர்த்து சமர்த்து’ என்று பெயர் போட்ட இந்தத் தேங்காய்ச் சுவை வறுவலைத் தைப்பேயில் மெஷின் வைத்திருக்கிற எல்லாரும், அது சமர்த்தாக ஓடட்டும் என்று, அதன் தலையில் வைக்கிறார்கள். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளை வைத்தால் மெஷின் மக்கர் பண்ணும், தேதி தாண்டினால் அதைவிட மோசம். ஆனால் இதெல்லாம் ஓடுகிற மெஷினுக்கு. போவென் சீனாவில் இருக்கும் சியாமெனுக்கு வேலைக்குப் போனதிலிருந்து, இரண்டு வருடமாக, அவன் சிஸ்டத்தை யாரும் ஆன் செய்யவே இல்லை. ஓடாத சிஸ்டம் சமர்த்தாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

பழைய பொட்டலத்தை நானே தின்றேன். மத்தியானச் சாப்பாடு அதுதான்.

மார்ச்சோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. “ரெண்டே வருஷம் மெய்யுன், அப்புறம் மறுபடி நாம ரெண்டு பேரும் இதே மேஜைதான்” என்று சொல்லிவிட்டுப் போனான். வருவானா, அங்கேயே நீட்டிப்பானா? ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான், ஞாயிறுதோறும் கேட்கிறேன், ஞாயிறுதோறும் “பாக்கலாம்” என்கிறான்.

ஜனவரி 13, செவ்வாய்

கடல் காட்சி மூன்று தடவை ஹேங் ஆகிவிட்டது. மீன்பிடி அருங்காட்சியகத்துக்கு நான் செய்துகொண்டிருக்கும் அனிமேஷன் படத்தில் அதுதான் உயிர்: குளிர்காலத்தில் மடவைக் கூட்டம் வடக்கிலிருந்து இறங்கி வருவது. ஆயிரக்கணக்கில் மீன்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக நீந்த வேண்டும். என் சிஸ்டத்தின் ரேம் பாதிக் கூட்டத்திலேயே மூச்சு வாங்குகிறது. மீனைக் குறைக்கலாம்தான். குறைத்துப் பார்த்தேன். கடல் காலியாகத் தெரிந்தது. இந்த வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு காலியிடம் இருக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

ரேம் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஃபான் அண்ணனுக்குத் தலை முழுக்க நரை, என்னைப் போய் அக்கா என்கிறார்.

“அக்கா, இப்ப ரேம் விலை கேக்காதீங்க. கேட்டா தூக்கம் வராது.”

கேட்டேன். சொன்னார். குடையைக் கடையிலேயே மறந்துவிட்டு மெட்ரோ வரைக்கும் நனைந்துகொண்டு வந்தேன்.

அதற்கு முன்னால் அவர் ஒன்று கேட்டார். “வீட்ல வேற சிஸ்டம் எதுவும் சும்மா கெடக்கா? அதுலேர்ந்து உருவி இதுல போட்டுக்கலாமே?”

“இல்லை” என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஜனவரி 16, வெள்ளி

இருக்கிறது. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

வேறு வழியில்லாமல் இன்றைக்கு அவனிடமே கேட்டேன். எப்படிக் கேட்பது என்று மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை. தூசி தட்டுவதைத் தவிர அவன் மேஜையில் எதையும் நகர்த்தியதே இல்லை நான். கீபோர்டுக்குப் பக்கத்தில் அவன் விட்டுப்போன இருமல் மிட்டாய்கூட அப்படியே இருக்கிறது. சிஸ்டத்தைத் திறந்து ரேமை உருவினால் அது செத்த சிஸ்டம். பிறகு எதற்குத் திரும்பி வருவான்?

“போவென், உன் சிஸ்டத்துல இருக்கிற ரேம கொஞ்ச நாளைக்கு...”

“எடுத்துக்கோயேன். இதப் போயா கேப்ப?”

“இல்ல, நீ வந்ததும் திருப்பிப் போட்டுடறேன்.”

“ஐயோ, அது பழசு மெய்யுன். எனக்கு எதுக்கு? எடுத்துக்கோ, எடுத்துக்கோ.”

பிறகு அலுவலகத்தில் யாரோ ஒருத்தருடைய பிறந்தநாள் கேக் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

எவ்ளோ சுலபமா சொல்றான்! ஒரு நொடி, ஒரே ஒரு நொடி தயங்கியிருக்கக் கூடாதா? ‘ஏய், என்னோடதத் தொடாத’ன்னு சண்டை போட்டிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். எனக்கு எதுக்குன்னு கேக்கறான். அப்ப ரெண்டு வருஷமா நான் யாருக்காகத் தூசி தட்டிட்டு இருந்தேன்? — சரி. போதும். விளக்கை அணை.

ஜனவரி 20, செவ்வாய்

திறந்தேன். உள்ளே தூசியே இல்லை, அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன், பைத்தியக்காரி. இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கினதும் ரேம் ஸ்டிக்குகள் லேசாக எழும்பிக் கையோடு வந்துவிட்டன. நான் ஏதோ பெரிய எதிர்ப்பை எதிர்பார்த்திருந்தேன் போல.

அவனுடையவை இரண்டு, என்னுடையவை இரண்டு. ஒரே கம்பெனி, ஒரே அளவு. வேகம் மட்டும் வேறே. அவனுடையது ஒரு படி மெதுவான ரகம். என் மதர்போர்டில் காலியாக இருந்த இடங்களில் செருகி அழுத்தினேன். டக் என்று உட்கார்ந்தது. என் சிஸ்டத்தை என் ரேமின் வேகத்திலேயே ஓடும்படி முன்பே அமைத்துவைத்திருக்கிறேன், அதை மாற்றவில்லை. திரை வந்தது. நான்கையும் கணக்கில் காட்டியது. முழுக் கூட்டமும் நீந்தியது.

மனசு விட்டுச் சிரித்தேன். சத்தம் வெளியே வந்தபோது எனக்கே புதிதாக இருந்தது.

ஜனவரி 23, வெள்ளி

சில மடவைகளுக்குத் தலை இல்லை.

நல்ல கூட்டம், நல்ல ஒளி, நடுநடுவே தலையில்லாத உடம்புகள் வாலை ஆட்டிக்கொண்டு நிம்மதியாகப் போகின்றன. மறுபடி ரெண்டர் போட்டுக் காட்சியை உருவாக்கினால் அவற்றுக்குத் தலை வந்துவிடுகிறது, வேறு சிலவற்றுக்குப் போய்விடுகிறது. மூன்றாவது தடவை சிஸ்டமே நின்றுவிட்டது. திங்கட்கிழமை மாதிரிக் காட்சி அனுப்புவதாக அருங்காட்சியகத்தில் பெங் அம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒரு வாரம் கேட்டேன். பெரிய மனசு, கொடுத்துவிட்டார்.

ஜனவரி 24, சனி

அவனுடையதைக் கழற்றிவிட்டு என்னுடையதை மட்டும் போட்டுச் சோதனை ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. என்னுடையதைக் கழற்றிவிட்டு அவனுடையதை மட்டும் அதன் வேகத்தில் ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டேன். திரை முழுக்கச் சிவப்பு.

அவன்மேல் பழி போடலாம் என்று ஆசையாக இருந்தேன். அதுவும் போச்சு.

ஜனவரி 26, திங்கள்

ஃபான் அண்ணன் குடையைப் பத்திரமாக வைத்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு முதல் கேள்வியாக, “பச்சைப் பொட்டலம் இருக்கா?” என்றார்.

“இருக்கு.”

“தேதி பாத்தீங்களா?”

இந்த மாதம்தான் மாற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது, நான் மாற்றியது அவனுடையதை. என் சிஸ்டத்தின் தலையில் இருப்பது எந்தக் காலத்துப் பொட்டலமோ! வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். காலாவதியாகி எட்டு மாதம். ஓடாததற்குப் புதுப் பொட்டலம், ராப்பகலாக உழைப்பதற்கு ஊசிப்போனது. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. யாரிடம்?

கடையில் ஃபான் அண்ணன் அடுத்துச் சொன்னதுதான் விஷயம்.

“ரெண்டு ஜோடில மெதுவானது எது, அக்கா?”

“எங்க வீட்டுக்காரரோடது.” சொன்ன பிறகுதான் போன தடவை ‘இல்லை’ என்று புளுகியது ஞாபகம் வந்தது. அவர் காட்டிக்கொள்ளவில்லை.

“நீங்க உங்க வேகத்துல ஓடச் சொல்லி அதையும் அடிச்சு விரட்டுறீங்க. அதால முடியாது. முடியலைன்னு சொல்லவும் தெரியாது, தப்பு தப்பா எழுதும். எல்லாத்தையும் அதோட வேகத்துக்கு இறக்கி வைங்க. அப்பவும் தகராறு பண்ணினா இன்னும் ஒரு படி கீழ.”

“அப்ப என்னோடது வேகமா இருந்து என்ன பிரயோஜனம்?”

“ஒண்ணும் இல்ல” என்று பல்லைக் காட்டினார். “ஒரே டப்பாவுல வித்த ஜோடின்னாத்தான் கம்பெனிக்காரன் பொறுப்பு. இது நீங்களா பண்ணி வச்ச கல்யாணம்.”

ரேம் வாங்கப் போனால் ரேம் பற்றிப் பேச வேண்டும். இவர் ஏன் கல்யாணத்துக்குப் போகிறார்?

பிப்ரவரி 3, செவ்வாய்

அவன் வேகத்துக்கு இறக்கினேன். போதவில்லை. இன்னும் ஒரு படி இறக்கினேன். நேற்றும் இன்றும் ரெண்டர் ஓடியது. எல்லா மடவைக்கும் தலை இருக்கிறது. நகம் கடிக்க வைக்கும் மந்தம், ஆனால் நிற்கவில்லை. ஒரு நாள் தாமதமாகப் பெங் அம்மாளுக்கு மாதிரி அனுப்பினேன். ‘அழகு’ என்று பதில் வந்தது.

பிப்ரவரி 16, திங்கள். சந்திர வருடத்தின் கடைசி நாள்

வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான், முடி வெட்டியிருக்கிறான், கன்னத்தில் குழி. கதவைத் திறந்ததும் அறைக்குள் போய்த் தன் ஈரக் கோட்டைக் கழற்றித் தன் சிஸ்டத்தின் மேலேயே போட்டான். பொட்டலம் நசுங்கியது. அவன் பார்க்கவில்லை. நாற்காலிமேல் போடுவதைப் போலத்தான் போட்டான்.

இரண்டு பேருக்கு அடுப்பில் சட்டி வைத்துக் கீரை, மீன் உருண்டை, டோஃபு எல்லாம் கொதிக்கவிட்டுச் சாப்பிட்டோம். இரண்டு கிண்ணம் கழுவினேன்.

“மார்ச்சுக்கு அப்புறம்?”

“நல்ல நாள் அதுவுமா அதெல்லாம் எதுக்கு? பாக்கலாம்.”

பிப்ரவரி 20, வெள்ளி

மத்தியான விமானம். கிளம்புவதற்கு முன், “அந்த மீன் படத்தக் காட்டு” என்றான். என் நாற்காலியில் அவன், பக்கத்தில் முக்காலியில் நான். ஒரு தடவை ஓட்டினான், பின்னால் இழுத்து இன்னொரு தடவை ஓட்டினான்.

“இங்க பாரு. கூட்டம் திரும்புறப்ப எல்லாம் ஒண்ணா திரும்புது. ஓரத்துல இருக்கிற மீனுக்குச் சேதி கொஞ்சம் லேட்டாத்தானே போகும்?”

சரிதான். ஒரு மாதமாக எதுவோ இடிக்கிறது, எது என்று தெரியாமல் இருந்தேன். அவன் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன், நான் மாற்ற மாற்ற அவன் ‘இன்னும், இன்னும்’ என்றான். டீ ஆறிப்போனது. இரண்டு வருடத்தில் நான் உயிரோடு இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

பிறகு ரெண்டர் பட்டை நகர்வதைப் பார்த்துவிட்டு, “என்ன இவ்ளோ ஸ்லோ?” என்றான்.

“உன் ரேம் இருக்கில்ல, அதுக்காக எல்லாத்தையும் இறக்கி வச்சிருக்கேன்.”

“அதத் தூக்கிப் போடு மெய்யுன். புதுசா ஒரே ஜோடியா நாலு வாங்கிக்கோ, நான் அனுப்புறேன். எதுக்கு என்னோடத வச்சுக்கிட்டுக் கஷ்டப்படறே?”

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நீட்டித்துவிட்டான். மூன்று வருடம். போன மாதமே கையெழுத்துப் போட்டாயிற்றாம்.

“மூணு வருஷம்தான். கண்ண மூடித் திறந்தா ஓடிடும். நீ லீவுக்கு வாயேன், கடல் பாத்த மாதிரி வீடு எடுத்திருக்கேன்.”

வீடு எடுத்திருக்கேன். எடுக்கப்போறேன் இல்ல. எடுத்திருக்கேன்.

‘சரி’ என்றேன். வேறென்ன சொல்ல? கத்தவும் வரல, அழவும் வரல. போய் அரிசி களைந்தேன், ஒரு ஆளுக்கு.

மார்ச் 12, வியாழன்

படம் முடிந்தது. கடைசியில் பெயர்ப் பட்டியல் மட்டும் பாக்கி. இயக்கம், வரைகலை, அசைவூட்டம்: தூ மெய்யுன். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பார்க்கவே அல்பமாக இருந்தது. அவன் பெயரை விட்டுவிடவும் மனசில்லை. அவனுடைய இரண்டு ஸ்டிக் இல்லாவிட்டால் இந்தக் கூட்டம் நீந்தியிருக்காது, அது உண்மைதானே? பட்டியலில் ரேம் என்று போட முடியாது, முறையான சொல்லைப் போட்டேன். நினைவகம்: யன் போவென். பெயரைச் சுற்றி ரேம் ஸ்டிக் மாதிரி நீளவாக்கில் ஒரு கறுப்புக் கட்டம் வரைந்தேன். அவன் பார்த்தால் சிரிப்பான் என்று நினைத்தேன்.

அனுப்பிவிட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

திறப்பு விழா. ரயிலில் தெற்கே போய் வந்தேன்.

இருட்டறை, சுவர் முழுக்கக் கடல். குழந்தைகள் மீனைப் பிடிக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடின. ஓரத்து மீன்கள் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியபோது பார்வையாளர்களிடம் ஒரு சத்தம் எழுந்தது. நன்றாக இருந்தது. பிறகு பெயர்கள் வந்தன. சட்டென்று அறை அமைதியானது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். எனக்குப் புரியவில்லை.

விளக்கு போட்டதும் பெங் அம்மாள் நேராக என்னிடம் வந்து என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

“சொல்லவே இல்லையேம்மா நீங்க. ஒரு வாரம் டைம் கேட்டப்பகூட ஒரு வார்த்தை சொல்லல. தனியா எப்படித் தாங்கினீங்க?”

அப்போதுதான் தலையில் அடித்த மாதிரி விளங்கியது. எங்கள் ஊரில் பெயர்ப் பட்டியலில் பெயரைக் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டால் ஆள் இறந்துவிட்டார் என்று பொருள். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை வருடமாக எத்தனை படத்துக்குப் பெயர் போட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? போதாக்குறைக்கு, பக்கத்தில் நினைவகம் என்று வேறு.

‘ஐயையோ, அது ரேமுங்க’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். பெங் அம்மாளின் உள்ளங்கை அவ்வளவு சூடாக இருந்தது.

“கஷ்டமாத்தான் இருந்துச்சு” என்றேன்.

“இருக்காதா பின்ன” என்றார். அழுதேன். அருங்காட்சியகத்தின் நடுவில், எல்லார் முன்னாலும், மூக்கு ஒழுக அழுதேன். யார் யாரோ வந்து தோளைத் தொட்டார்கள். காகிதக் கைக்குட்டை கொடுத்தார்கள். “ரொம்ப நல்ல மனுஷனா இருந்திருப்பாரு” என்றார் தொப்பிக் கிழவர். ஆமாம் என்று தலையாட்டினேன். இரண்டு வருடத்தில் ஒருத்தர்கூட என்னிடம் துக்கம் கேட்டதில்லை. கேட்க எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லையே.

ரயிலில் நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 29, ஞாயிறு

வழக்கம்போலக் கூப்பிட்டான். விழா எப்படி இருந்தது என்று கேட்டான்.

“நல்லா இருந்துச்சு. உன் பேரையும் போட்டிருந்தேன்.”

“என் பேரா? நான் ஒண்ணுமே பண்ணலையே!”

“எல்லாரும் உன்னப் பத்தித்தான் கேட்டாங்க. ரொம்ப நல்ல மனுஷன்னு சொன்னாங்க.”

“அப்படியா!” அத்தனை சந்தோஷம் அவன் குரலில். யார் சொன்னது, வேறென்ன சொன்னார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். சொன்னேன். அவன் போன பிறகு நாங்கள் இவ்வளவு நேரம் பேசிய ஞாயிறு இதுதான்.