முதுகில் இரண்டு டேங்க்

பிப்ரவரி 11, செவ்வாய்

காட்டாங்குளத்தூர் கல்லூரியில் இன்று செய்முறைத் தேர்வு. பிள்ளைகள் இயற்பியல் ஆய்வகத்தில் கருவிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மேற்பார்வைக்கு உட்கார்ந்த நான் ஞாயிற்றுக்கிழமையையே நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் அடங்கும்.

புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா டைவிங், பதினெட்டு மீட்டர் ஆழம். தலைக்குப் பின்னால் பட்டென்று ஒரு சத்தம், பிறகு ஒரே சீறல். முதுகில் இருந்த காற்று டேங்கையும், வாயில் கடித்து மூச்சிழுக்கிற ரெகுலேட்டரையும் இணைக்கும் இடத்தில் இருக்கிற ரப்பர் வளையம் பிய்ந்துவிட்டது. காற்றெல்லாம் குமிழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஆனால் ஜோடியாக வந்தவரிடம் நீந்திப்போய் அவருடைய டேங்கிலிருந்து மூச்சு வாங்க வேண்டும், பாடம் அப்படித்தான். என் ஜோடி ஹரிபிரசாத்தோ கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏதோ மீனுக்குப் பின்னால் போயிருந்தான். திரும்பினால் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். இருந்த காற்றை இழுத்து, மெல்ல ஊதிக்கொண்டே மேலே வந்தேன். செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன். அதை எழுத என்ன வெட்கம்.

டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். படகில் ஹரிபிரசாத், "ஸாரிக்கா, ஒரு சூப்பர் ஷாட் மாட்டிச்சு" என்றான். நான் வாயைத் திறந்திருந்தால் அவன் கேமரா கடலில் இருந்திருக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

வீட்டில் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. என் வீட்டுக்காரர்: "இத்தோட போதும், சுபா." மாமியார்: "காசு குடுத்து மூச்சு முட்டணுமா?"

சோறு, கல்லூரி, மறுபடி சோறு என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், நாற்பத்து மூன்று வயதில் அந்தமான் சுற்றுலா போன இடத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்த சந்தோஷம் இது. விட மாட்டேன். ஆனால் இன்னொருத்தர் முதுகில் இருக்கும் காற்றை நம்பி இனிமேல் இறங்கவும் மாட்டேன். எனக்கு வேண்டிய இரண்டாவது மூச்சை நானே சுமந்துபோவேன்.

பிப்ரவரி 22, சனி

கோவளத்தில் ஜீவானந்தத்தின் கடை. எனக்குக் கடலுக்கடியில் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தவன், என்னைவிட பத்து வயது சின்னவன். இரட்டை டேங்க் வேண்டும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, வாங்குறதுனா பெருசா வாங்கிடுங்க. நாளைக்கு டீப் டைவிங் போகத் தோணும்ல?"

தோணாது என்றேன். அவன் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அவன் காட்டியது இரண்டு பெரிய டேங்குகளை மேலே ஒரு குழாயால் இணைத்த செட். மூன்று திருகுகள். இடது, வலது டேங்குகளுக்கு ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. நடுத் திருகு திறந்திருந்தால் இரண்டு டேங்கும் ஒரே டேங்க் மாதிரி. ரெகுலேட்டர் பக்கத்துக்கு ஒன்று, ஆனால் காற்றின் அளவு காட்டும் கேஜ் இடது பக்கம் மட்டும்தான். ஒரு பக்கம் காற்று கசிந்தால் அதை மூடி, மறுபக்கத்தைக் காப்பாற்றலாம். ஓரமாக இரண்டு சின்ன டேங்குகள் பட்டியால் கட்டிக் கிடந்தன. இணைப்புக் குழாய் கிடையாது, அதது தனித்தனி. "அது பழசுக்கா" என்று ஜீவா என்னை நகர்த்திவிட்டான்.

பெரிய செட்டை ஒரு மாதம் பழகிப் பார்க்க எடுத்து வந்தேன்.

மார்ச் 8, சனி

கூடத்தில் மாட்டிப் பார்த்தேன். எழுந்திருக்க முடியவில்லை. சோபா கையைப் பிடித்து எழுந்து, சமையலறை வரை போய்த் திரும்புவதற்குள் முழங்கால் இரண்டும் கதறின. மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தார். "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன" என்று மறுபடி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து, சுவரில் சாய்த்திருந்த டேங்குகளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். ராஜகீழ்ப்பாக்கம் முனையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர், இதை மட்டும் பார்க்கவில்லை.

மார்ச் 15, சனி

நாளை கோவளம் பயிற்சிக் குளம். மூன்று திருகுகளும் திறந்திருக்கின்றன, கேஜில் காற்று முழுசாக இருக்கிறது. தனியாகத் தூக்க முடியாது என்று அவரிடம் கேட்டேன்.

"கார்ல ஏத்தி எறக்கித் தரேன். அவ்ளோதான். நீ உள்ள போறத நான் பாக்க மாட்டேன்."

அதுவே பெரிசு.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத்தான் எடுத்தேன்.

குளத்தின் அடியில் அரைமணி நேரம் பயிற்சி. சுவாசம் சுகமாகத்தான் இருந்தது. கேஜைப் பார்த்தேன். முள் முழு அளவிலேயே நிற்கிறது. இவ்வளவு நேரம் மூச்சு விட்டிருக்கிறேன், காற்று குறையவே இல்லையா? இருபது வருடமாக முள்ளைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறேன். அசைய வேண்டிய முள் அசையாவிட்டால் எங்கேயோ தப்பு.

பின்னால் கைவிட்டுத் துழாவினேன். நடுத் திருகு இறுக மூடியிருந்தது. நான் இழுத்தது வலது டேங்க் காற்றை. கேஜ் காட்டியது இடது டேங்கை. வலது தீர்ந்து வாய் அடைத்துப்போகும்வரை முள் அப்படியேதான் நின்றிருக்கும். இடதின் ரெகுலேட்டர் கழுத்தில் தொங்கியது, மாற்றிக் கடித்திருக்கலாம் — சரிதான். மூச்சு நிற்கிற நொடியில் எவளுக்கு அது ஞாபகம் வரும்?

இறங்குமுன் ஓரத்துத் திருகுகள் மூடியிருந்தபோதே யோசிக்காமல், அவற்றை மட்டும் திறந்துகொண்டு நடுவைத் தொட்டுப் பார்க்காதது என் தப்பு. ஆனால் நேற்று திறந்திருந்தது. மூடியது யார்? கேட்கவே வேண்டாம். வீட்டைப் பூட்டிய பிறகும் திரும்பிப் போய் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வருகிற மனுஷன் ஒருத்தர்தான் இந்த வீட்டில் இருக்கிறார்.

மார்ச் 17, திங்கள்

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் 'பாத்தியா, நிறுத்து' என்பார். இல்லாவிட்டால் உடைந்துபோவார். மறைத்தால் அடுத்த முறையும் மூடுவார். காபி கொடுத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "மூணும் தொறந்து கெடந்துச்சு. தொறந்த சிலிண்டர வெச்சிகினு எவனாச்சும் கார் ஓட்டுவானா? உன் நல்லதுக்குத்தாம்மா மூடினேன்."

"தெரியும்."

"கடலா இருந்திருந்தா?"

அங்கேயும் கண்டுபிடித்திருப்பேன் என்றேன். அவர் நம்பவில்லை. நானும்தான். காபி அப்படியே ஆறிப்போயிற்று.

மார்ச் 24, திங்கள்

காலையில் சமையலறைப் பக்கமே போகாமல் கடைக்குக் கிளம்பிவிட்டார். சிலிண்டரை நான் போய் மூடினேன். ஒரு வாரமாக இப்படித்தான். எதையும் தொடப் பயப்படுகிறார். 'நிறுத்து' என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்கிறார். சொன்னால் சண்டையாவது போடலாம். அவரை இப்படிப் பார்க்க எனக்கு மனசு ஆறவே இல்லை.

ஒன்று தெளிவாகிவிட்டது. நடுவில் ஒரு திருகு இருக்கும்வரை அதை யாராவது மூடுவார்கள். அவர் இல்லாவிட்டால் படகுக்காரர். அவரும் இல்லாவிட்டால் அவசரத்தில் நானே.

மார்ச் 29, சனி

பெரிய செட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஓரத்தில் கிடந்த சின்ன டேங்குகள் இரண்டையும் காட்டி, "இதுதான்" என்றேன்.

"அக்கா, தாத்தா காலத்து செட்டப் இது. ரெண்டு ரெகுலேட்டரையும் மாத்தி மாத்திக் கடிக்கணும். ரெண்டு கேஜையும் பாத்துகினே இருக்கணும். பேஜார் புடிச்ச வேலை."

"முள் பாக்குறதுதான் என் வேலையே."

இரண்டுக்கும் தனித்தனி வால்வு, தனித்தனி ரெகுலேட்டர், தனித்தனி கேஜ். திறந்திருந்தால் மூச்சு வரும், மூடியிருந்தால் வராது. படகிலேயே தெரிந்துவிடும். நான் போகிற ஆழத்துக்கு இது தாராளம். முக்கியமாக, என்னால் எழுந்து நிற்க முடிகிறது. ஜீவா கடைசிவரை தலையை ஆட்டிக்கொண்டேதான் பில் போட்டான்.

ஏப்ரல் 5, சனி

குளம். இடது, வலது, இடது, வலது. இரண்டு முள்ளும் ஒழுங்காக இறங்கின.

ஏப்ரல் 13, ஞாயிறு

புதுச்சேரி. இந்த முறை ஜோடி ஜீவா. ஹரிபிரசாத்தை நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரரும் வந்தார். நான் கூப்பிடவே இல்லை. விடியற்காலையில் காரை எடுத்தவர், கரையில் நின்றுவிடுவார் என்று பார்த்தால் படகிலும் ஏறிவிட்டார். துறையைத் தாண்டுவதற்குள் இரண்டு தரம் வாந்தி. டேங்குகளிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாட்டிக்கொண்டு, "நீங்க வந்து திறந்து விடுங்க" என்றேன்.

"நா வேணாம். ஜீவா தம்பிய கூப்புடு."

"நீங்கதான்."

வந்தார். இடதைத் திறந்தார். இழுத்துப் பார்த்தேன், மூச்சு வந்தது. வலதைத் திறந்தார். அதுவும் வந்தது. இரண்டு முள்ளையும் அவரையே படிக்கச் சொன்னேன். சத்தமாகப் படித்தார். நான் பின்பக்கமாகச் சாய்ந்து கடலில் விழுந்தேன்.

பதினைந்து மீட்டரில் ஒரு பயம் வந்தது, மறைக்க மாட்டேன். பழைய சத்தம் காதுக்குள் ஒருமுறை கேட்டது. இடதிலிருந்து வலதுக்கு மாறினேன். மூச்சு வந்தது. பிறகு பயம் போய்விட்டது. பாறை இடுக்கில் சிங்கமீன் ஒன்று என்னைச் சட்டை செய்யாமல் நின்றுகொண்டிருந்தது. நானும் அவசரப்படாமல் அதைப் பார்த்தேன்.

மேலே வந்தபோது இரண்டிலும் போதுமான காற்று மிச்சம் இருந்தது. அவர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காலில் செருப்பு இல்லை, சட்டைப்பையில் இருந்த போனையும் பர்ஸையும் எடுத்துப் பலகை மேல் வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"உன் குமிழியத்தான் பாத்துகினு இருந்தேன். நடுவுல கொஞ்ச நேரம் காணல."

"அலையில தெரிஞ்சிருக்காது. அதுக்கு இதெல்லாம் ஏன்?"

"குதிக்கலாம்னுதான்."

"உங்களுக்கு நீச்சல் தெரியாதே."

"தெரியாது" என்று சொல்லிவிட்டு, குனிந்து என் கால் துடுப்பின் பட்டியைக் கழற்ற ஆரம்பித்தார்.