மிஞ்சிய ஒரு சொல்

மார்ச் 4

ஆஸ்பத்திரியிலிருந்து இன்று வீட்டுக்கு வந்துவிட்டோம். பக்கவாதத்தில் அவருக்கு வலது கை தூக்க வரவில்லை. வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திய வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் — லைட். தண்ணீர் வேண்டுமா என்றாலும் லைட். என்னைக் கூப்பிடுவதும் லைட். எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்தேன், அணைத்துப் பார்த்தேன். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார்.

மார்ச் 9

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறதாம். திருப்பிச் சொல்லத்தான் வரவில்லையாம். "அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடாதீங்கம்மா. அவர் எதைச் சொல்ல நினைச்சாலும் அதுதான் வாயில வருது." சரி என்றேன். அவள் படியிறங்கியதும் அவருடைய ஆங்கில அகராதியை எடுத்தேன்.

மார்ச் 10

ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தமா? விளக்கு. வெளிச்சம். கனமில்லாதது. வெளிர் நிறம். பற்றவைப்பது. லேசான தூக்கம். தலை சுற்றுவதைச் சொல்லவும் இதையே சேர்த்துக்கொள்வார்களாம். வண்டியிலிருந்து இறங்குவதுகூட இதுதானாம்!

மத்தியானம் கம்பளியைத் தள்ளியபடி லைட் என்றார். மெல்லிய போர்வையை மாற்றினேன். நிம்மதியாகக் கண்ணயர்ந்தார். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்?

மார்ச் 15

நாத்தனார் வந்திருந்தாள். அவர் காதுபடவே பேசினாள். "அண்ணனுக்கு ஒண்ணும் புரியலை அண்ணி. நீங்களா ஒரு அர்த்தம் வச்சுக்கிறீங்க. இப்படிப்பட்டவங்களைப் பாத்துக்கிற நல்ல ஹோமாப் பாத்துச் சேத்துடலாம்." அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். புரியாதவர் எதற்குத் திரும்ப வேண்டும்?

மார்ச் 21

திரைச்சீலைக் கடைக்கு மறுபடி வேலைக்குப் போனேன். பகலில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். வாங்க வந்த ஒருவர் லைட் கலரில் காட்டச் சொன்னார். துணியை விரித்த கை அப்படியே நின்றுவிட்டது.

மார்ச் 26

விழுந்துவிட்டார்.

வேலைக்குக் கிளம்பும் அவசரம். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு லைட், லைட் என்று ஒரே நச்சரிப்பு. சுவிட்சைப் போட்டேன், அணைத்தேன், போர்வையை எடுத்தேன், சன்னலைத் திறந்தேன். "என்னதான் வேணும்? உங்களோட மாரடிக்க என்னால முடியலை." கத்திவிட்டுச் சமையலறைக்குப் போனேன். உடனே சத்தம்.

நெற்றியில் தையல். ரத்த அழுத்தம் ரொம்பக் குறைந்து தலை சுற்றியிருக்கிறது என்றார் டாக்டர். அதைத்தான் சொல்லியிருக்கிறார். அகராதியில் அதையும் படித்தவள்தானே நான். இடது கையால் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாரே — பாவி, அது ஏன் என் கண்ணில் படலை?

மார்ச் 27

கடைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 6

நீ சொன்னதுதான் சரி, அர்த்தம் தேடியே அவரைக் கீழே தள்ளிவிட்டேன் என்று பயிற்சிப் பெண்ணிடம் அழுதேன். "சொல்லைத்தாம்மா விடச் சொன்னேன். அவரை விடச் சொல்லலையே."

ஏப்ரல் 14

கையைப் பார்க்கிறேன். புருவத்தைப் பார்க்கிறேன். குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா? பாதிக்குப் பாதி தப்பாகிறது. தப்பு என்றால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஏப்ரல் 29

காலையில் நாத்தனார் வந்தாள். தூங்கினாரா, வலி இருக்கிறதா, இங்கேயே இருக்கப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். திடீரென்று மேசையில் ஓங்கி ஒரு தட்டு. லைட், லைட் என்று விரலை நீட்டி என்னை ஒரு பிடி பிடித்தார். அவர் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறார், அவருக்காகப் பேச நான் யார் என்று கேட்கிறார். நானும் விடவில்லை. நல்லதைத்தானே சொன்னேன்? அதற்கு ஒரு லைட், உதட்டைச் சுழித்து, கிண்டலாக. வார்த்தைக்கு வார்த்தை பதில். எனக்கு மூச்சு வாங்கியது, அவர் அசரவில்லை.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே பையை எடுத்தாள். "அப்போ போட்ட அதே சண்டை. நீங்க ரெண்டு பேரும் திருந்தவே மாட்டீங்க." ஹோம் பேச்சை எடுக்கவே இல்லை.

சாயங்காலம் வரை நான் அவரிடம் பேசவில்லை. அவரும் என்னிடம் பேசவில்லை.