ஏழாம் நம்பர் பாட்டில்

போன திங்கட்கிழமை உனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது, உன் பேருக்குக் கடிதம் வருவது மட்டும் நிற்கவில்லை. நாம் இணையத்தில் போட்டுவைத்த தண்ணீர் ஆய்வைப் பற்றி யார் கேட்டாலும் அது இரண்டு பேருக்கும் சேர்ந்துதான் வரும். அப்படி ஏற்பாடு செய்தது நீ. எடுத்துவிடத் தெரியாதது நான்.

பஸ் ஆம்பூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே, உன் அப்பா வேலை பார்த்த ஆலைகளில் ஊறவைத்த தோலின் வாடை. மூக்கைப் பொத்தினால் நீ தொடையில் கிள்ளுவாய்: "எங்க அத்தாவோட சம்பளம்டி அது. நல்லா இழு." அன்றைக்குக் கிள்ள ஆளில்லாததால் பொத்தாமலே உட்கார்ந்து போனில் அந்தக் கடிதத்தைப் படித்தேன். அரக்கோணத்துக்காரி, ஆராய்ச்சி மாணவியாம். "ஏழாம் எண் கிணற்றுக்கு இரண்டு அளவுகள் கொடுத்திருக்கிறீர்கள். முதல் அளவு பிழை என்கிறீர்கள். அது எப்படிப் பிழையானது என்று எங்கும் இல்லையே, மேடம்?"

எங்கும் இல்லைதான். என் பீரோவில், என் நோட்டில் இருந்தது.

ஒரே கல்லூரியில் நீ வேதியியல், நான் வரலாறு. தோல் ஆலைக் கழிவு கலக்கும் பாலாற்று ஓரத்தில் ஒரே தெருவில் இருபது கிணறுகள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று நீ அளப்பாய், அது எப்போதிலிருந்து கரிக்கிறது என்று நான் வீட்டுப் பெண்களிடம் கேட்பேன். வம்பு பேசச் சம்பளம் கொடுக்கும் ஒரே துறை என்னுடையது என்பது உன் கட்சி. ஆனாலும் கூட்டு சேர்த்துக்கொண்டாய். "தண்ணி இன்னிக்கு எப்படி இருக்குன்னுதான் எனக்குச் சொல்லும். நேத்து எப்படி இருந்துச்சுன்னு அந்த அக்காங்கதான் சொல்லணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுவோம். யார் வேணா பார்க்கட்டும்."

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் துறையில் ஒரு பழைய பத்திரம் கிடைத்தால் பீரோவில் வைத்துப் பூட்டி, ரிடையர் ஆகும்வரை சம்பந்தி வீட்டுக்குக்கூடக் காட்ட மாட்டோம். நீயோ கருவி மக்கர் செய்த நாளைக்கூடத் தேதியோடு போட்டாய். திறந்த அறிவியல் என்று ஒரு பேர் சொன்னாய். "கதவைத் திறந்து வச்சிட்டுக் குளிக்கிறதுக்கு இப்படி ஒரு பேரா?" என்றேன். "நீ குளிக்கறதே கம்மி, உனக்கு இன்னாடி பயம்?" என்றாய்.

எனக்குப் பயப்பட ஏழாம் எண் வீடு இருந்தது.

அன்றைக்கு நீ தெருக்கோடிக் கிணற்றில் இருந்தாய். ஏழாம் நம்பர் பாட்டிலை என்னிடம் கொடுத்து, "நீயே கிணத்துல இறைச்சு நிரப்பு. யார் கையிலும் குடுக்காதே" என்று இரண்டு தரம் சொன்னாய். நான் போனபோது அந்த வீட்டு அக்கா மருமகள் கதையை எடுத்துவிட்டாள். நடுவில் எழுந்து கிணற்றுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. பாட்டிலை அவளிடமே நீட்டினேன். கதையை நிறுத்தாமலே உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

நீ அளந்தாய். இளநீர் மாதிரி தண்ணீர். எல்லா அளவுகளையும் இணையத்தில் ஏற்றினாய். நகராட்சி ஆபீசில் யாரோ ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தெருவிலேயே ஒரு நல்ல கிணறு இருக்கும்போது லாரி எதற்கு என்று கேட்டுவிட்டார். அந்தத் தெருவுக்குத் தண்ணி லாரி வருவது நின்றுபோனது.

நீ பதறிப் போய் மறுபடி எடுத்தாய். வாயில் வைக்க முடியாத உப்பு. முதல் பாட்டிலில் இருந்தது விலைக்கு வாங்கும் கேன் தண்ணீரோடு அச்சு அசலாக ஒத்துப்போனது. மாடிப்படி ஏறி என் அறைக்கு வந்து கேட்டாய்: "ஏழாம் நம்பர் வீட்டுல அன்னிக்கு இன்னா நடந்துச்சு? உன் நோட்டுல பாரேன்."

"நோட்டையெல்லாம் திறக்க முடியாதும்மா. நம்பிச் சொன்ன வீட்டு விஷயம் அதுல இருக்கு. உங்க துறை மாதிரி இல்ல எங்க துறை" என்றேன்.

சொன்னதில் பாதி நிஜம். அந்தப் பாதியின் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன். எனக்கு அப்போது பதவி உயர்வுக்கு நேர்முகம் இருந்தது.

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரி, விடு" என்றாய். அன்று சாயங்காலமே இணையத்தில் எழுதினாய்: "மாதிரி எடுத்ததில் பிழை. பொறுப்பு என்னுடையது." அதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினாய். இரண்டு வாரம் கழித்து லாரி வந்தது. அந்த இரண்டு வாரமும் அந்தப் பெண்கள் குடம் தூக்கி நடந்தார்கள்.

கல்லூரியில் உன்னைக் கிழித்தார்கள். "கேன் தண்ணியில கிணறு வெட்டின மேடம்" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பேர் சுற்றியது. யார் வைத்தது என்று நீ கேட்கவே இல்லை. நான்தான் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட ஜாஸ்தி சிரித்தது நீ.

வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்தேன். கட்டிலில் அவ்வளவு சின்னதாகக் கிடந்தாய். பார்த்ததும் என் வாய் அதன் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டது. நம் கல்லூரி முதல்வர் விழா மேடையில் செருப்பைத் தொலைத்த கதையைச் சொன்னேன். "போதும்டி, மூச்சு வாங்குது" என்று கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிக்க வைத்துவிட்டேன் என்ற பெருமையோடு பஸ் ஏறினேன். அடுத்த வியாழக்கிழமை நீ இல்லை.

அரக்கோணத்துப் பெண்ணுக்கு ஆறு நாள் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். ஏழாம் எண் வீட்டு அக்காவிடம் அன்றைய பக்கத்தை வாசித்துக் காட்டி, இதை எல்லோரும் பார்க்கிற மாதிரி போடலாமா என்று கேட்டேன்.

"போட்டுக்கோ. மருமவ கதைய மட்டும் எடுத்துடு. இப்ப நாங்க ராசியாய்ட்டோம்."

"அன்னிக்கு பாட்டில்ல எந்தத் தண்ணிக்கா ஊத்தினீங்க?"

"கேன் தண்ணிதான். டீச்சரம்மா வழிக்குக் குடிக்க கேக்கறாங்கன்னு நெனச்சேன். வூட்டுக்கு வந்தவங்களுக்கு அந்த உப்புத் தண்ணியவா குடுப்பேன்?"

"அப்புறம் லாரி நின்னுச்சே. அப்பகூட சொல்லலியே?"

"யாரும் கேக்கலியேம்மா" என்றவள், தெருப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "ஆமா, அந்த பாய் வூட்டு டீச்சர் எங்க? லாரிக்காக நாயா அலஞ்சுதே அந்தப் பொண்ணு. கூட வரலியா?"

இதற்கும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி இருப்பேன் என்றுதான் நினைப்பாய். இல்லை என்று தலையாட்டினேன். அவள் புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்று அந்தப் பக்கத்தை ஏற்றினேன். மருமகளை எடுத்துவிட்டேன், பேர்களை எடுத்துவிட்டேன். என் பேரை மட்டும் எடுக்கவில்லை. "ஏழாம் நம்பர் பாட்டிலை நிரப்ப வேண்டியவள் நான். நிரப்பவில்லை. கேட்டபோது மறைத்தேன். வேதியியல் பேராசிரியர் மேல் தவறு இல்லை." இவ்வளவுதான். நாலு வரி. நாலு வருடம் ஆனது.

அரக்கோணத்துப் பெண் நன்றி சொல்லி எழுதியிருக்கிறாள். ஸ்டாஃப் ரூமில் இன்றைக்கு என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். முதல்வர் படித்துவிட்டார், என் மகன் படித்துவிட்டான், பார்த்தே இராத ஊர்களில் யார் யாரோ படிக்கலாம். நீ ஆசைப்பட்ட மாதிரியே யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்துதான் கிடக்கிறது.

அன்றைக்கு என் அறையில் நீ பார்த்த பார்வையை மட்டும் நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்திருந்ததா, தெரியாதா? உலகத்துக்கே சொல்லியாகிவிட்டது. உன்னிடம் மட்டும் சொல்லவில்லை.